எனக்கு அடுத்த நம்பர்

1

ரெங்கன் கடிதம் போட்டால் நலம் விசாரிப்பு ஒரு வரி, மீதியெல்லாம் உத்தரவு. இந்த ஏப்ரலில் மஸ்கட்டுக்கு வந்து சேர்ந்த கடிதமும் அப்படித்தான்.

“அன்புள்ள குருசாமிக்கு ரெங்கன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல். பாப்பா பத்தாவது எழுதியிருக்கிறாள் அல்லவா? மார்க் ஷீட் வந்த மறுநாளே லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வரவும். விருதுநகர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பாப்பா பெயரைப் பதிய வேண்டும். ஒரு நாள் பிந்தினால் ஊரே முன்னால் போய்விடும். ரேஷன் கார்டு நகல் எடுத்துவைக்கவும். மாதவனும் இந்த வருஷம் பத்தாவதுதான். எல்லாரும் சேர்ந்து போகலாம். அசட்டையாக இருக்க வேண்டாம்.”

மாதவன் ரெங்கனின் மகன். பாப்பா என்பது என் மகள் நிவேதா. பதினைந்து வயது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை செருப்பு அளவு மாறுகிறது. ரெங்கனுக்கு மட்டும் இன்னும் பாப்பா. அவளுக்குக் கையெழுத்துத் தமிழ் வாசிக்க வராது. அச்சுத் தமிழே நிறுத்தி நிறுத்தித்தான். நான் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்பா, எனக்கு இப்ப வேலையே வேண்டாமே. அப்புறம் எதுக்கு வேலை இல்லைன்னு போய் எழுதிக் குடுக்கணும்?”

நியாயமான கேள்விதான். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதை யாரும் கேட்டதே இல்லை. பிள்ளைக்கு முடியெடுப்போம், காது குத்துவோம், பத்தாவது தேறியதும் கார்டு பதிவோம். வேலை வருகிறதோ இல்லையோ, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மறக்காமல் புதுப்பிப்போம். பெண் பார்க்கப் போன இடத்தில் “மாப்பிள்ளைக்குக் கார்டு பதிஞ்சு எம்புட்டு வருசமாச்சு?” என்று கேட்பார்கள். பத்து வருஷம் என்றால் ஒரு மரியாதை. முறை வரப்போகிறவன் அல்லவா!

இதையெல்லாம் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து என் மனைவி செல்வியின் குரல் வந்தது.

“பிள்ளைக்காவது ஒழுங்காப் பதிஞ்சு வைங்க. உங்க கார்டைத்தான் நீங்களே அடிச்சிட்டு வந்து நின்னீங்க.”

ஐந்து வருஷமாகிறது. இன்னும் அவளுக்கு ஆறவில்லை.

2

நானும் ரெங்கனும் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் ஒரே பெஞ்சு. நான் ராஜபாளையம், அவன் ஸ்ரீவில்லிபுத்தூர். படிப்பை முடித்து ஊருக்கு வந்தபோது, பஞ்சாலை தோறும் ஏற்கெனவே ஃபிட்டர்கள் நிறைந்திருந்தார்கள். ஒருத்தர் ஓய்வு பெற்றால் அவர் மகன் உள்ளே போவான். என் அப்பா மில்லில் இல்லை, அதனால் எனக்கு அந்த வழியும் இல்லை. அவர் பேண்டேஜ் துணி தறி ஓட்டினார். எண்பதாம் வருஷம் தை மாதம் மூச்சு வாங்குகிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அம்மா அதே தறிக்கூடத்தில் துணி மடிக்கப் போனாள். வேலை தேடும் பிள்ளை வீட்டில் இருக்கிறான் என்பதை அவள் ஒரு நாளும் குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ரெங்கன் நிலைமை வேறு. அவன் வீட்டில் ஆறு மாடுகள். பால்கோவா கிண்டுகிற இடத்துக்குப் பால் ஊற்றுகிற குடும்பம். வேலை கிடைக்காவிட்டாலும் வயிறு நிறையும்.

அந்த ஆனி மாதம் இரண்டு பேரும் விருதுநகர் போனோம். நான் ராஜபாளையத்தில் பஸ் ஏறி அவனுக்கு இடம் போட்டேன், அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறினான். போய்ப் பார்த்தால் வரிசை அலுவலகப் படியிறங்கி, வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கே வந்திருந்தது. வரிசையில் பாதி ஆட்கள், பாதி கற்கள். ஆமாம், கற்கள். நிழலுக்கு ஒதுங்குகிறவர்கள் தங்கள் இடத்தில் ஒரு கல்லையோ செருப்பையோ வைத்துவிட்டுப் போவார்கள். வரிசை நகர்ந்தால் பின்னால் நிற்கிறவர் அந்தக் கல்லையும் காலால் தள்ளிக்கொண்டு நகர வேண்டும். ஒருத்தரும் ஏமாற்ற மாட்டார்கள். வேலையில்லாதவர்களுக்குள் அப்படி ஓர் ஒழுக்கம்.

ரெங்கன் முன்னால், நான் பின்னால். நாலு மணி நேரம் நின்றோம். கவுண்டருக்கு இன்னும் மூன்று பேர்தான் என்கிற சமயத்தில் அவன் திரும்பினான்.

“ஏலே மாப்ள, நீ முன்னால போயிட்டே இரு. நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்.”

“இப்பவாலே? இன்னும் செத்த நேரந்தானே!”

“தல சுத்துதுலே. நீ நகரு.”

போய்விட்டான். அவன் திரும்பி வந்தபோது நான் நம்பர் வாங்கி முடித்திருந்தேன். எனக்கு அடுத்த நம்பர் அவனுக்கு. ஒரே நாள், ஒரே படிப்பு, அடுத்தடுத்த எண். கார்டுகளை விசிறிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். நான் அவனைக் கேலி செய்தேன். “ஒரு டீக்கு ஆசப்பட்டு ஒரு நம்பரை விட்டுட்டியேலே.”

அவனும் சிரித்தான்.

3

இரண்டு வருஷம் கழித்து அரசாங்கமே என்னைத் தேடி வந்தது. வேலையற்ற இளைஞர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் திட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஏஜெண்டிடம் நகையை விற்றுக் கொடுத்து பம்பாயில் தெருவில் நின்றவர்கள் கதை ஊருக்கு இரண்டு இருந்த காலம். அதனால் அரசாங்கமே ஆள் எடுக்கிறது என்றதும் எல்லாருக்கும் நம்பிக்கை. மஸ்கட்டில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் இடத்துக்கு ஃபிட்டர்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். விருதுநகர் அலுவலகத்தில் மூப்புப்படி இருபது பேர் பட்டியல் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார்கள்.

இருபதாவது ஆள் நான்.

பட்டியலை ஒட்டியிருந்த பலகை முன்னால் இரண்டு பேரும் நின்றோம். என் பெயரோடு முடிந்து, கீழே ஒரு கையெழுத்தும் சீலும் இருந்தன. ரெங்கன் அந்தச் சீலையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தான். “போயிட்டு வாலே. எனக்கென்ன, மாடு இருக்கு.”

மெட்ராசில் கைத்திறன் தேர்வு. ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து, அரத்தால் ராவி ராவி நாலு பக்கமும் மட்டமாக்கச் சொன்னார்கள். அது எனக்குக் கஷ்டமில்லை. அதற்குப் பிறகு நடந்த பயிற்சி வகுப்புதான் கஷ்டம். விமானத்தில் பெல்ட் போடுவது எப்படி என்று ஒரு அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக் காண்பித்தார். “சார் பிளேன்ல போயிருக்கீங்களா?” என்று ஒருத்தன் கேட்டுவிட்டான். “நான் எதுக்குப் போகணும்? எனக்குத்தான் வேலை இருக்கே” என்றார். வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். நல்ல மனுஷன். கடைசி நாள் ஒவ்வொருத்தர் கையையும் பிடித்து, “பாஸ்போர்ட்டை மட்டும் யாரிட்டயும் அடமானம் வச்சிராதீங்கப்பா” என்று சொல்லி அனுப்பினார்.

போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு வந்த ஏட்டு, “பையன் மேல ஏதும் கேஸ் உண்டா?” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா, “சின்ன வயசுல பக்கத்து வீட்டு மாங்கா பறிச்சிருக்கான்” என்று ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். அதற்குமேல் நான் வெளிநாடு போனது சாமி செயல்தான்.

மெட்ராஸ் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றபோது ரெங்கன் ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் நீட்டினான். பால்கோவா. இலையில் சுற்றி, அதற்குமேல் தாளில் சுற்றி, நூல் கட்டியிருந்தது. மஸ்கட் விமான நிலையத்தில் அதை அவிழ்க்கச் சொன்னார்கள். இது என்ன என்று கேட்டதற்கு என் ஆங்கிலம் “மில்க்” என்றது. அவர் கெட்டியான அந்த வஸ்துவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சுகர்” என்றும் சேர்த்துக்கொண்டேன். நகத்தளவு எடுத்து வாயில் போட்டார். பிறகு பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருத்தரைக் கூப்பிட்டார். எனக்கு மிச்சம் கிடைத்தது நூலும் தாளும்தான். ஆனால் என் பெட்டியை யாரும் சோதிக்கவில்லை.

4

மஸ்கட்டுக்கு வந்து பதினேழு வருஷம். காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். ஆறரைக்குப் பம்ப் ஹவுஸ். ராஜபாளையத்து வெயிலை வெயில் என்று சொல்லித் திரிந்ததற்காக முதல் வருஷமே மானசீகமாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

எனக்கு இந்தி கிடையாது. தமிழின் கடைசியில் ஒரு ‘ஹே’ சேர்த்தால் இந்தி என்று இரண்டு வருஷம் ஓட்டினேன். “ஸ்பேனர் எங்க ஹே?” என்றால் ஸ்பேனர் வந்துவிடும். மலையாளி சூப்பர்வைசர்தான் தலையில் அடித்துக்கொள்வார்.

நிவேதா அப்படி இல்லை. யோசிக்கும்போது ஆங்கிலம், சண்டை போடும்போது இந்தி, ஏதாவது வேண்டுமென்றால் மட்டும் தமிழ். “அப்பா” என்று அழகாகத் தமிழில் ஆரம்பித்தால் நான் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். ஊரில் அவளுக்குப் பிடித்தது அய்யனார் கோவில் அருவி ஒன்றுதான். மற்றபடி லீவுக்குப் போனால் மூன்றாம் நாள், “நம்ம வீட்டுக்கு எப்பப் போவோம்?” என்பாள். ராஜபாளையத்தில், நான் கடன் வாங்கிக் கட்டிய வீட்டின் நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்பாள். செல்விக்கு முகம் சுருங்கிவிடும். என்ன செய்ய, அவளுக்கு வீடு என்றால் மஸ்கட்டில் இரண்டாவது மாடியில் இருக்கிற அந்த ரெண்டு அறைதான்.

என் கார்டு என்ன ஆனது என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வருஷத்தில் செத்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

5

தொண்ணூற்று நாலில் லீவுக்குப் போனபோது ராஜபாளையம் வீட்டுக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு அரசுத் தொழிற்கூடத்தில் ஃபிட்டர் வேலை, ஒரே இடம். மூப்புப்படி என் பெயர் வந்திருப்பதாகவும், அசல் சான்றிதழ்களோடு விருதுநகர் அலுவலகத்துக்கு வரும்படியும் போட்டிருந்தது. எனக்கு முப்பத்தி நாலு வயது. முப்பத்தைந்து தாண்டினால் எடுக்க மாட்டார்கள்.

பொய் சொல்வானேன், எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அந்த வருஷம் மஸ்கட்டில் ஆள் குறைக்கப் போவதாகப் பேச்சு. இங்கே சர்க்கார் வேலை, பென்ஷன், வீட்டிலிருந்து அரை மணி நேர பஸ். செல்வி அன்று சாயங்காலத்துக்குள் நிவேதாவை மனதுக்குள் ராஜபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, சீருடையும் தைத்து முடித்துவிட்டாள்.

ஆனால் செத்த கார்டு எப்படி எழுந்து வந்தது? ரெங்கனிடம் கேட்கலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மாட்டுக் கொட்டகை காலியாகக் கிடந்தது. அவன் அப்பாவின் வைத்தியத்துக்கு மாடுகள் ஒவ்வொன்றாகப் போயிருந்தன. ரெங்கன் தறி மோட்டார் ரிப்பேர் செய்கிற கடையில் தினக்கூலியாக இருந்தான். எனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் இதை அவன் சொன்னதில்லை.

“வந்துருச்சா?” என்றான் என் கையிலிருந்த உறையைப் பார்த்து. முகமெல்லாம் சிரிப்பு. “எனக்கும் வந்திருக்கு. நீ மொத ஆளு, நான் ரெண்டாவது ஆளு.”

“ஏலே, என் கார்டு எப்பவோ செத்துப்போயிருக்கணுமே?”

“சாக விடுவனா? உங்கம்மாகிட்ட வாங்கி நான்தான் வச்சிருக்கேன். எனக்குப் புதுப்பிக்கப் போறப்ப உனக்கும் புதுப்பிச்சிருவேன். நாலு தடவ ஆச்சு.”

“உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? என் கார்டை விட்டிருந்தா நீதானலே மொத ஆளு!”

“அதெப்படிலே விட முடியும்? லைன்ல நீ முன்னால நிக்கெ. கல்லுன்னாலும் தள்ளிக்கிட்டுத்தானே போகணும்?”

வெளிநாட்டில் இருக்கிற எனக்காக, வேலையில்லாத அவன் கூலியை விட்டுவிட்டு விருதுநகர் போய், தன் வேலைக்குக் குறுக்கே நிற்கிற கார்டுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவனை அடிக்கலாம் போலிருந்தது.

மறுநாள் சேர்ந்தே போனோம். சிவகாசியில் பஸ் நின்றபோது டீ வாங்கி நீட்டினேன். வாங்க மாட்டேன் என்றான். “நல்ல பால்ல எலையப் போட்டுக் கெடுத்து வச்சிருக்கானுக” என்று வழக்கம்போலத் திட்டினான். ஐ.டி.ஐ. காலத்திலிருந்தே இந்த வசனம் எனக்கு மனப்பாடம். மாடு இல்லாவிட்டாலும் மாட்டுக்காரன் திமிர் போகவில்லை என்று கேலி செய்தேன். அவன் தண்ணீர் குடித்தான்.

பஸ்ஸிலேயே நான் முடிவு செய்துவிட்டேன். முடிவு என்றால் பெரிய தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நெஞ்சில் கல்லை வைத்துக்கொண்டு, அந்த வேலைக்கு ஆசைப்பட்டுக்கொண்டேதான் முடிவு செய்தேன். பெயர் கூப்பிடும்போது பேசாமல் இருந்துவிடுவது. வரவில்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். காரியம் முடிந்தது.

கூப்பிட்டார்கள். “குருசாமி! பி. குருசாமி!”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரெங்கன் எழுந்து நின்று, “சார், இந்தா இங்கன இருக்கான் சார்! காது மந்தம்!” என்று கத்தினான். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேஜை முன்னால் நிறுத்தினான்.

எழுத்தர் வயசானவர். இனி மறைக்க வழியில்லை. “சார், எனக்கு வேலை இருக்கு” என்றேன்.

“எங்க?”

“மஸ்கட்டுல. பன்னெண்டு வருசமா.”

கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப வேலையில்லைன்னு புதுப்பிச்சுக்கிட்டே வந்தது யாருய்யா?”

“நான்தான் சார்” என்றான் ரெங்கன்.

“நீ யாரு?”

“இவனுக்கு அடுத்த நம்பர் சார்.”

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “இத்தன வருச சர்வீஸ்ல, முன்னால நிக்கிறவன எப்படிக் கழட்டி விடலாம்னு வந்து கேட்ட ஆளுகளத்தான்யா பாத்திருக்கேன்” என்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சிவப்பு மையை எடுத்து என் பெயரின் மேல் நிதானமாக ஒரு கோடு போட்டார். பிறகு ரெங்கனைப் பார்த்து, “சர்ட்டிபிகேட்டைக் குடுப்பா” என்றார்.

வேலை அவனுக்குக் கிடைத்தது. அவனுக்குச் சந்தோஷமா? எங்கே! திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் முன் சீட்டில் போய் உட்கார்ந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, ஜன்னல் பக்கம் சுற்றி வந்தான். கண் கலங்கியிருந்தது. “பதினாலு வருச கார்டுலே. பாவி, ஒரு நிமிசத்துல கொன்னுட்டியே” என்றான்.

செல்வி மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், “ரெங்கண்ணன் வீட்டுக்கு நல்லதுதான். ஆனா கூடவே குடித்தனம் பண்ணுறவகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?” என்றாள். அவள் சொன்னதும் சரி.

6

உத்தரவுப்படி இந்த ஜூனில் ஊருக்குப் போனோம். ரெங்கன் வீட்டில் இரண்டு நாள். இப்போது அவனிடம் மறுபடி இரண்டு மாடுகள். நிவேதாவுக்கு வேளாவேளைக்குச் செம்பு நிறையப் பால். மாதவன் ஒல்லிப்பையன், அதிகம் பேசமாட்டான். ஆனால் நிவேதா அவனிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள், அவனும் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டே பதில் சொன்னான்.

விருதுநகரில் வரிசை அப்படியே இருந்தது. வேப்பமரம் மட்டும் பெருத்திருந்தது. நிவேதா தொப்பி போட்டுக்கொண்டு நின்றதை எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். அவள் தரையை வேடிக்கை பார்த்தாள்.

“மாமா, அந்தக் கல் யாரு?”

“அது சாத்தூர்க்காரரு. சாப்பிடப் போயிருக்காரு” என்றான் ரெங்கன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு வரிசை நகர்ந்தபோது சாத்தூர்க்காரரைத் தன் ஷூவால் பக்குவமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

இந்த முறை நான் உஷாராக இருந்தேன். கவுண்டர் நெருங்கியதும் மாதவனை முன்னால் நிறுத்தி, அவன் பின்னால் நிவேதாவை நிறுத்தினேன். எனக்கென்று ஒரு கணக்கு இருந்தது. மஸ்கட்டில் வளர்கிற பெண்ணுக்கு இந்த நம்பர் விளையாட்டு. அந்தப் பையனுக்கு இது நாளைக்குச் சோறாக இருக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் சுவரோரமாக நின்றோம். ரெங்கன் வரிசையைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தான். அவனுக்கு அந்த வரிசை பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

கவுண்டருக்கு இன்னும் மூன்று பேர்.

“ஏலே மாதவா, இங்க வா” என்று கூப்பிட்டான். சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்து அவன் கையில் வைத்தான். “போயி ஒரு டீ குடிச்சிட்டு வா.”

மாதவன் விழித்தான். “டீயா?”

“ஆமாலே, டீதான். ரோட்டுக்கு அங்கிட்டு இருக்கு பாரு கடை. மெதுவாக் குடிச்சிட்டு வா. பாப்பா முன்னால போகட்டும்.”

பையன் ஒன்றும் புரியாமல் சில்லறையைப் பார்த்துக்கொண்டே போனான். நிவேதா ஒரு இடம் முன்னால் நகர்ந்தாள். நகர்ந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, மாதவன் டீ குடிக்க மாட்டானே. அவங்க வீட்டுல யாருமே டீ குடிக்க மாட்டாங்களாமே. நேத்துதான் சொன்னான், பால்ல இலையைப் போட்டுக் கெடுக்கக் கூடாதுன்னு.”

எனக்கு ஒரு நிமிஷம் வேப்பமரம், வரிசை, கவுண்டர் எல்லாம் நின்றுவிட்டது. இத்தனை வருஷமாக என் மரமண்டைக்கு உறைக்காதது, தமிழைத் தட்டுத்தடுமாறி வாசிக்கிற என் மகளுக்கு ஒரு நிமிஷத்தில் உறைத்துவிட்டது. அவளுக்கு எண்பதாம் வருஷத்துக் கதை தெரியாது. ஆனால் ரெங்கன் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், தெருவைத் தாண்டிக்கொண்டிருந்த மாதவனைப் பார்த்தாள். தொப்பியைக் கழற்றித் தன் இடத்தில் தரையில் வைக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, திரும்ப எடுத்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

“எங்கம்மா போறே?” ரெங்கன் பதறினான்.

“நானும் டீ குடிச்சிட்டு வாரேன், மாமா.”

வாரேன் என்றாள். அதை எங்கே பிடித்தாளோ! ஓடிப் போய் மாதவனோடு சேர்ந்துகொண்டாள்.

நான் ரெங்கன் பக்கம் திரும்பினேன். அவன் வேப்பமரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

“ரெங்கா, அன்னைக்கு நீ டீ குடிக்கப் போனியே.”

“என்னைக்குலே?”

“நடிக்காத. எண்பதுல. இதே எடத்துல. குடிச்சியா?”

“வாங்குனேன்” என்றான்.

“குடிச்சியாலே?”

“கடையில ஒரு பெரியவரு நின்னாரு. அவருக்குக் குடுத்துட்டேன். உங்கப்பா போயி அஞ்சு மாசந்தாம்லே ஆகியிருந்துச்சு. உங்கம்மா கையி துணி மடிச்சு மடிச்சு வீங்கிக் கெடந்துச்சு. எனக்கு மாடு இருந்துச்சு. ஒரு நம்பர்தானேன்னு நெனச்சேன். அந்த ஒரு நம்பர் மஸ்கட் வரைக்கும் போகும்னு எனக்கு என்ன சோசியமா தெரியும்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை. நான் ஏறிய விமானம், கட்டிய வீடு, என் மகள் வீடு என்று சொல்கிற அந்த இரண்டு அறை, எல்லாம் இவன் குடிக்காத ஒரு டீ. அவன் மாடு விற்று நின்ற வருஷங்களில் நான் அவனுக்குப் பேரீச்சம்பழமும் சென்ட் பாட்டிலும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். அதையும் அவன் இரண்டு கையால் வாங்கிக்கொண்டான்.

“அழாதலே, லூசுப்பயலே. எல்லாரும் பாக்காக” என்றான் ரெங்கன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கிளாஸ். மாதவன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். நிவேதா அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் எழுந்து வருகிற எண்ணமே இருப்பதாகத் தெரியவில்லை.

“அடுத்து யாருப்பா? சீக்கிரம் வாங்க!” கவுண்டரிலிருந்து சத்தம் வந்தது.

ரெங்கன் என்னைப் பார்த்தான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரிசையில் பின்னால் நின்றுகொண்டிருந்த பையனிடம் சொன்னேன்.

“நீ போப்பா. எங்க பிள்ளைக டீ குடிச்சிட்டு வரட்டும்.”